வாங்குய்யா மாப்பிள்ளை, பிளேன்!

ஏலக்காய் நல்ல விலைக்குப் போயிருச்சுன்னு சந்தையில பேசிக்கிட்டாங்க. அதான் மாப்பிள்ளைக்கு பிளேன் நெனப்பு வந்திருக்கு. வாங்குய்யா, தாராளமா வாங்கு. 2019 ஆகஸ்டுல புத்தடி ஏலத்துல கிலோ 7,000 ரூபாயைத் தொட்டப்போ போடியில எத்தனை வீட்டு வாசல்ல புதுக் காரு நின்னுச்சு, ரெண்டு மூணு வருஷத்துல ஆயிரத்துக்குக் கீழ எறங்கினப்போ எத்தனை மிஞ்சுச்சுன்னெல்லாம் நான் கேக்கப் போறதில்ல. அக்கா மகன், அதுக்கு மேல என் மகளைக் கட்டினவன். உன் சந்தோஷம்தான் எனக்குப் பெருசு.

செஸ்னா 172-ங்கிறியே, நல்ல மாடல்தான். 1956-லேருந்து 44,000-க்கு மேல செஞ்சு வித்துட்டாங்க. நாலு சீட்டு இருக்கு. ஆனா டேங்க்கை முழுசா ரொப்பிட்டா மிச்சம் 250 கிலோ பக்கம்தான் தூக்கும். நீயும் உங்க அண்ணனும் ஏறி உக்காந்தா பெட்டி வைக்கக்கூட யோசிக்கணும். என் மகளை எங்க உக்கார வைப்பேன்னு முன்னாடியே சொல்லிரு.

சரி, வாங்கியாச்சு. எங்க கட்டுவே? சின்ன ஓடுபாதைன்னாலும் 650 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம்னு வையி, அஞ்சு ஏக்கர் பக்கம் வந்திரும். கம்பத்துல பன்னீர் திராட்சைப் பந்தலைப் பிரிச்சுட்டு அஞ்சு ஏக்கர் கொடுக்கிற ஆளு எங்க இருக்கான்? வருஷம் முழுக்கக் காய்ப்பு, 2023-ல புவிசார் குறியீடு வேற. மிச்ச இடத்துல தென்னை, கரண்டுக் கம்பி, ஆண்டிபட்டிப் பக்கம் போனா காத்தாலை.

மலைக்கு அங்கிட்டு நடந்த கதையைக் கேளு. வண்டிப்பெரியாறு பக்கம் சத்திரத்துல என்.சி.சி. பிள்ளைகளுக்காக கேரளா கவர்மெண்டு ஓடுபாதை போட்டுச்சு, அதே 650 மீட்டர். 2022-ல ரெண்டு சீட்டு விமானம் ஒண்ணு ரெண்டு தடவை எறங்கப் பாத்துச்சு. முன்னால நின்ன மண்மேடு விடல, வட்டமடிச்சுட்டுப் போயிருச்சு. ஜூலை மழையில ஓடுபாதை ஒரு பக்கம் சரிஞ்சுபோச்சு. டிசம்பர் 1-ந் தேதிதான் ஒருவழியா சக்கரம் தரையில பட்டுச்சு. அரசாங்கம் போட்ட பாதை, விமானப்படை ஆளு ஓட்டினது, அதுக்கே இந்தப் பாடு. உன் தோப்புக்கு எஞ்சினியர் யாருய்யா, பம்புசெட்டு மெக்கானிக்கா?

அதனால மதுரையிலதான் நிறுத்தணும். வாடகை, எறங்குற கூலி எல்லாம் தனி. உசிலம்பட்டி வழியா அம்புட்டு தூரம் கார்ல போய், ஏறி, இங்க வந்து வீட்டு மாடிக்கு மேல வட்டமடிச்சு, திரும்ப மதுரையிலயே எறங்கி, திரும்ப அம்புட்டு தூரம் கார்ல வரணும். ஒவ்வொரு தடவையும் எங்க போறேன்னு முன்னாடியே எழுதிக் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி நம்பர் வாங்கணும். மாமனார் வீட்டுக்கு வர்றதுகூட ஏர்ஃபோர்ஸுக்குத் தெரிஞ்சாகணும். எனக்கு அது பிடிச்சிருக்கு. கோழி அடிச்சு வைக்க வசதி.

காத்தைச் சொல்ல மறந்துட்டேனே. பக்கவாட்டுக் காத்து 15 நாட் இருந்தப்போ எறக்கிக் காட்டியிருக்கோம்னு கம்பெனிக்காரன் புஸ்தகத்துல போட்டிருக்கான். மணிக்கு 28 கிலோமீட்டர். ஆடியில கூடலூர்க்காரன்கிட்ட போய் அதைக் காத்துன்னு சொல்லிப் பாரு, சிரிப்பான். தென்மேற்குக் காத்து மலையைத் தாண்டி நம்ம பள்ளத்தாக்குல விழுறப்போ சின்ன பிளேனைக் கீழ அமுக்கும். ஆடிக் காத்துல அம்மி பறக்கட்டும், நீ பறக்காதே.

எண்ணெயும் நம்ம பங்க்குல கெடைக்காது. அது ஏவ்கேஸ். 2022-லதான் இந்தியன் ஆயில் வதோதராவுல காய்ச்ச ஆரம்பிச்சாங்க, அதுவரைக்கும் வெளிநாட்டுச் சரக்கு. நூறு மணி நேரம் ஓடினா ஒரு பரிசோதனை, வருஷத்துக்கு ஒரு சர்ட்டிபிகேட், 2,000 மணி நேரத்துல எஞ்சினைப் பிரிக்கணும்.

இம்புட்டும் கேட்டுட்டு, இதுல என்ன சுகம்னு நெனைக்காதே. சுகம் இருக்கு, நான் மறுக்கல. ஜல்லிக்கட்டுக் காளை வளக்கிறவன் ஒரு மத்தியானத்துக்காக வருஷம் பூரா தீனி போடுறானே, அந்தச் சுகம். பறக்கிறதுக்கு முன்னால எறக்கைக்கு அடியில குனிஞ்சு, சின்னக் குப்பியில எண்ணெயை வடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பாக்கணும். நீல நிறமா இருக்கணும். தண்ணி கலந்திருந்தா அடியில முட்டையா நிக்கும். புது மாடல்ல பதிமூணு எடத்துல இப்படி வடிக்கணும். அந்த வேலை உனக்கு ருசிச்சா நீ பிளேன்காரன். டிரைவரை விட்டுச் செய்யச் சொல்லலாம்னு தோணுச்சுன்னா ஜீப்பே போதும். போடிமெட்டு 17 வளைவும் உனக்குப் பழகினதுதானே. பறந்து மேலேருந்து பாத்தா வைகை அணை ஒருபக்கம், மேகம் மூடின மேகமலை ஒருபக்கம்னு கெறங்கிப் போயிருவே, அது நெசம். ஆனா சொந்தத்துக்கு ஓட்டுற லைசென்ஸுக்குப் பொழுது சாஞ்சா வானம் கெடையாது.

நான் சொல்றபடி செய். திருவனந்தபுரத்துல ராஜீவ் காந்தி விமானத் தொழில்நுட்ப அகாடமி இருக்கு, செஸ்னா 172 வச்சே சொல்லிக் கொடுக்கிறாங்க. 40 மணி நேரம் ஓட்டினாத்தான் லைசென்ஸ். ரேடியோவுல பேசத் தனிப் பரீட்சை. மொதல்ல டாக்டர் கண்ணு, காது, ரத்தக்கொதிப்பு, சக்கரை எல்லாம் பாப்பாரு. நேத்து ராத்திரி பந்தியில நீ ரெண்டு ஜாங்கிரி சாப்பிட்டதை நானும் பாத்தேன். அந்த டாக்டர் சர்ட்டிபிகேட் கைக்கு வர்ற வரைக்கும் எவனுக்கும் அட்வான்ஸ் கொடுத்துராதே.