பழைய ஃபெராரியை ஏலத்தில் எடுப்பது எப்படி?

பழைய கார் வாங்குவதில் நமக்கு அனுபவம் போதாது என்று யாரும் சொல்ல முடியாது. "டாக்டர் ஓட்டின வண்டி சார், சிங்கிள் ஓனர், டச்சப் மட்டும்தான்" என்று புரோக்கர் ஆரம்பித்ததுமே, அதில் எத்தனை டாக்டர், எத்தனை ஓனர், எத்தனை கிலோ பட்டி என்று கதவைத் தட்டிப் பார்த்தே சொல்லிவிடுவோம். இவ்வளவு ஞானத்தையும் மூன்று லட்ச ரூபாய் வண்டிகளோடு முடித்துக்கொள்வது நியாயமா? இதே பேச்சைக் கோட்டு போட்டுக்கொண்டு பேசி, ஒரு காரை முந்நூறு கோடிக்கு விற்கும் சந்தை ஒன்று இருக்கிறது. அங்கே போவது எப்படி, ஏலம் கேட்பது எப்படி, எடுத்தபின் என்ன செய்வது என்பதைப் படிப்படியாகப் பார்ப்போம். பணத்துக்கு எங்கே போவது என்று இப்போதே கேட்காதீர்கள். அது சின்ன விஷயம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: தொப்பியும் வங்கிக் கடிதமும்

ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள மான்டரேக்குப் போங்கள். ஒரு வாரம் முழுக்கக் கார் திருவிழா. பெப்பிள் பீச் கோல்ஃப் மைதானத்தில் 1950 முதல் நடக்கும் அழகுப் போட்டியில் பழைய கார்கள் புல்வெளியில் வரிசையாக நிற்கும். சுற்றுவட்டாரத்தில் ஆர்எம் சோத்பீஸ், பான்ஹாம்ஸ் போன்றவர்கள் ஏலக்கடை விரித்திருப்பார்கள். பனிக்காலம்தான் வசதி என்றால் பிப்ரவரியில் பாரிஸ்.

உடைக்குப் பெரிய விதி இல்லை. வைக்கோல் தொப்பி போதும். சட்டை கொஞ்சம் கசங்கியிருப்பது நல்லது. புதுச் சட்டை போட்டவர் வேடிக்கை பார்க்க வந்தவர், கசங்கிய சட்டைக்காரர் வாங்க வந்தவர் என்பது பொதுவான கணிப்பு.

ஏலம் கேட்க ஓர் எண் அட்டை தருவார்கள். அதை வாங்க உங்கள் வங்கியிலிருந்து கடிதம் வேண்டும்: இவர் இத்தனை மில்லியன் டாலர்வரை போகக்கூடியவர் என்று. நம் கிளை மேலாளரிடம் கேட்டால் பாஸ்புக்கைப் பிரின்ட் போட்டுக் கொடுப்பார். அதைக் கொண்டுபோக வேண்டாம்.

படி 2: கேட்லாக் மொழி பழகுங்கள்

ஏலக் கேட்லாக் கல்யாணப் பத்திரிகையைவிடக் கனமான தாளில் இருக்கும். அதில் வரும் சொற்களுக்குப் பொருள் இதோ:

"விலை மதிப்பீடு கேட்டால் தெரிவிக்கப்படும்" – கேட்கிறவரால் வாங்க முடியாது.

"நிறைந்த பந்தய வரலாறு கொண்டது" – பல நாடுகளில் மோதியிருக்கிறது.

"பேட்டினா" – துரு. நம் வண்டியில் இருந்தால் துரு, ஃபெராரியில் இருந்தால் பேட்டினா.

"ஆர்வலருக்கு ஏற்ற ப்ராஜெக்ட்" – பாதிக் கார் டிரெய்லரிலும் மீதி அட்டைப்பெட்டிகளிலும் வரும்.

"ரிசர்வ் இல்லை" – குறைந்தபட்ச விலை கிடையாது. உரிமையாளர் துணிந்துவிட்டார், அல்லது களைத்துவிட்டார்.

"மேட்சிங் நம்பர்ஸ்" – சேஸி, எஞ்சின், கியர்பாக்ஸ் எண்கள் எல்லாம் தொழிற்சாலைப் பதிவேட்டோடு ஒத்துப்போகின்றன. இது ஜாதகப் பொருத்தம் மாதிரி. பத்தில் ஒன்று குறைந்தாலும் பையன் நல்லவன்தான், ஆனால் சீர் குறையும்.

கவனியுங்கள், இதில் எதுவுமே கார் எப்படி ஓடும் என்பதைப் பற்றிப் பேசவில்லை. இது அச்சுப்பிழை அல்ல.

படி 3: தயவுசெய்து கழுவாதீர்கள்

நம் ஊரில் வண்டியை விற்பதற்கு முன் வாட்டர்வாஷ் செய்து, டயருக்குக் கருப்பு அடித்து, உள்ளே எலுமிச்சை வாசனை தெளிப்போம். இங்கே அதெல்லாம் தரித்திரம்.

ரோஜர் பைய்யோன் என்பவர் பிரான்ஸின் மேற்குப் பகுதியில் லாரித் தொழில் செய்தவர். மியூசியம் வைக்கும் கனவில் கார்களாக வாங்கிக் குவித்தார். தொழில் நொடித்தது. கார்கள் கொட்டகைகளில் அப்படியே கிடந்து பல பத்தாண்டுகள் மக்கின. அவற்றில் ஒரு ஃபெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர், ஒருகாலத்தில் பிரெஞ்சு நடிகர் அலென் தெலோனிடம் இருந்தது. அதன்மேல் பழைய பத்திரிகைகளைக் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தார்கள். 2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலத்துக்கு வந்தபோது தூசியைக்கூடத் தட்டாமல் கொண்டுவந்து நிறுத்தினார்கள். 1 கோடியே 60 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. மேலே இருந்த பத்திரிகைகளை எடைக்குப் போட்டிருந்தால் மதியச் சாப்பாட்டுச் செலவு தேறியிருக்கும். இனி உங்கள் வீட்டில் பழைய பேப்பரை எடைக்குப் போடுமுன், அடியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடவும்.

தூசி சரி, கார் என்று ஒன்று அடியில் இருக்கவாவது வேண்டுமா? அதுவும் கட்டாயமில்லை. 2023 ஆகஸ்டில் மான்டரேயில் 1954-ம் ஆண்டு ஃபெராரி 500 மொண்டியால் ஒன்று ஏலத்துக்கு வந்தது. 1960-களில் மோதித் தீப்பிடித்து எரிந்த வண்டி. லாரி ஏறி இறங்கிய எண்ணெய் டின் ஒன்றை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள், அதுதான். சக்கரத்துக்கும் கதவுக்கும் வித்தியாசம் காணக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். விலை 18 லட்சத்து 75 ஆயிரம் டாலர். வாங்கியவர் இரும்பை வாங்கவில்லை, 0406 என்ற சேஸி எண்ணை வாங்கினார். அந்த எண்ணைச் சுற்றிப் புதிதாக ஒரு காரைக் கட்டிக்கொள்ளலாம். கோயில் ஏலத்தில் வேலில் செருகிய எலுமிச்சம்பழம் ஆயிரக்கணக்கில் போவதைப் பார்த்த நமக்கு இது புரியாமல் போகாது. அங்கேயும் யாரும் சாறு பிழிவதற்காகக் கேட்பதில்லை.

படி 4: "ஒரிஜினல்தானா?" என்று கேட்காதீர்கள்

கேட்டால் விஷயம் கோர்ட்டுக்குப் போகும். போயிருக்கிறது. லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1929-லும் 1930-லும் வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ் காருக்கு 'ஓல்டு நம்பர் ஒன்' என்று பெயர். அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்பந்தம் போட்டவர்கள், வென்ற காரின் பாகங்கள் இதில் சொற்பமாகத்தான் இருக்கின்றன, இது அது இல்லை என்று பின்வாங்கினார்கள். 1990-ல் லண்டன் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பாகங்கள் மாறியிருக்கலாம், ஆனால் இந்தக் கார் இடைவிடாமல் அந்தக் காராகவே வாழ்ந்து வந்திருக்கிறது, ஆகவே இதுதான் அது.

நீதிபதி தனக்கே தெரியாமல் நம் ஊர்த் தேருக்கும் சேர்த்துத் தீர்ப்பு எழுதிவிட்டார். சக்கரம் மாற்றியாயிற்று, அச்சு மாற்றியாயிற்று, மரமும் மாற்றியாயிற்று. ஆனாலும் தாத்தா வடம் பிடித்த அதே தேர்தான்.

இதிலிருந்து நீங்கள் கற்க வேண்டியது: உதிரிபாகம் போனால் வாங்கிக்கொள்ளலாம், காகிதம் போனால் எல்லாம் போச்சு. பில், பழைய புகைப்படம், பந்தயச் சீட்டு, மெக்கானிக் கிறுக்கிய நோட்டு எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சத்தத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

படி 5: குறைவாகச் செய்ததைத் தேடுங்கள்

இந்தச் சந்தையின் மூலவர் ஃபெராரி 250 ஜிடிஓ. பெயரிலுள்ள 'ஓ', 'ஒமொலொகாட்டோ' என்ற இத்தாலியச் சொல். பந்தயத்துக்கு அங்கீகாரம் பெற்றது என்று பொருள். அங்கீகாரம் பெற 100 கார்கள் செய்திருக்க வேண்டும் என்பது விதி. இது புதுக் கார் இல்லை, எங்கள் பழைய 250 ஜிடியைக் கொஞ்சம் மெருகேற்றியது என்று சொல்லி என்ஸோ ஃபெராரி சமாளித்துவிட்டார். 1962-க்கும் 1964-க்கும் இடையே செய்தது 36 தான்.

விதியை முழுசாக மதித்து 100 செய்திருந்தால் இன்று இந்த விலை இருக்காது. அமெரிக்காவில் அன்றைய விலை சுமார் 18,000 டாலர். கையில் பணம் இருந்தாலும் என்ஸோவுக்கு ஆளைப் பிடிக்க வேண்டும். 2018-ல் அதில் ஒன்று மான்டரேயில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது.

படி 6: மண்டபத்தில் கை, கால், மூக்கு

உட்கார்ந்ததும் கைகளை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கொசு கடித்தாலும் பொறுங்கள்.

முதலில் விலை மடமடவென்று ஏறும். யார் கேட்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். பயப்பட வேண்டாம், பேய் இல்லை. ரிசர்வ் விலை வரும்வரை, விற்பவர் சார்பில் ஏலம் விடுபவரே விலையை ஏற்றிச் சொல்லலாம். கூரையில் தொங்கும் சரவிளக்கு ஏலம் கேட்கிறது என்று தொழிலில் இருப்பவர்கள் இதைக் கிண்டல் செய்வார்கள். நீங்கள் சரவிளக்கோடு போட்டி போட வேண்டாம், அது விட்டுக்கொடுக்காது.

காதைத் தீட்டிக்கொள்வதும் அவசியம். 2019-ல் மான்டரேயில் 1939-ம் ஆண்டு போர்ஷே டைப் 64 ஏலத்துக்கு வந்தது. பெர்லினிலிருந்து ரோமுக்கு நடக்கவிருந்து, போரால் நடக்காமல் போன பந்தயத்துக்காகச் செய்த கார். ஏலம் விட்டவர் ஆங்கிலத்தில் 13 மில்லியன் என்றார். திரையில் 30 என்று விழுந்தது. 14 என்றார், 40 விழுந்தது. இப்படியே திரை 70-க்குப் போனதும் கூட்டம் எழுந்து ஆரவாரித்தது. அப்புறம்தான் அவர், நான் சொன்னது பதினேழு என்று விளக்கினார். ஒரு நொடியில் 53 மில்லியன் டாலர் ஆவியானது. ஆரவாரம் கூச்சலாக மாறியது, கார் விற்காமலே வீடு திரும்பியது. தமிழில் ஏலம் விட்டிருந்தால் இந்த வம்பே இல்லை. பதினேழையும் எழுபதையும் காது மந்தமானவர்கூடக் குழப்பிக்கொள்ள மாட்டார்.

சுத்தியல் விழுந்ததும் உங்கள் செலவு முடிந்தது என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள். வாங்குபவரும் கமிஷன் தர வேண்டும். அந்த 2018 ஜிடிஓவுக்குச் சுத்தியல் விழுந்த விலை 44 மில்லியன். கமிஷன் மட்டும் 44 லட்சம் டாலர், அன்றைய கணக்கில் முப்பது கோடி ரூபாய். நம் புரோக்கர் இரண்டு சதவீதம் கேட்டதற்கு அவரோடு சண்டை போட்டவர்கள் இந்த இடத்தில் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

படி 7: ஓட்டாதீர்கள்

1995-ம் ஆண்டு மெக்லாரன் எஃப்1 ஒன்று 2021-ல் பெப்பிள் பீச்சில் 2 கோடியே 4 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. இருபத்தாறு வருடத்தில் ஓடியிருந்தது 250 மைலுக்கும் குறைவு. மைலுக்கு 80,000 டாலர் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பால் வாங்கப் போய்வருவதற்கு முன் யோசிப்பீர்கள்.

ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சினிமாவில் ஓட்டியிருக்க வேண்டும். 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் விரட்டிய ஃபோர்டு மஸ்டாங்கை 1974-ல் ஒரு குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கியது. வீட்டம்மா பள்ளிக்கூட ஆசிரியை; அந்தக் காரில்தான் வேலைக்குப் போய்வந்தார். 1977-ல் மெக்வீனே திருப்பிக் கேட்டுக் கடிதம் எழுதினார். கொடுக்கவில்லை. 2020-ல் 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது, கீறல்களோடும் மங்கிய பெயின்ட்டோடும்.

படி 8: ஊருக்குக் கொண்டுவருதல்

நீண்ட காலம் 1950-க்கு முன் செய்த கார்களை மட்டுமே விண்டேஜ் என்று இந்தியாவுக்குள் விட்டார்கள். 2025 முதல் 50 வயது தாண்டியிருந்தால் போதும். சுங்கவரியைப் பற்றி எழுதி உங்கள் உற்சாகத்தைக் குலைக்க விரும்பவில்லை.

பதிவுக்கட்டணம்தான் ஆறுதல். 2021 விதிகளின்படி விண்டேஜ் வண்டிக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப்போகலாம். வழக்கமான போக்குவரத்துக்கு எடுக்கக்கூடாது. அதாவது ஏழாம் படியை அரசாங்கமே சட்டமாக்கிவிட்டது.

படி 9: பணம்

இப்போது அந்தச் சின்ன விஷயத்துக்கு வருவோம். உங்களிடமும் இல்லை, என்னிடமும் இல்லை. எனவே வாங்குவதை விட்டுவிட்டு விற்கிற பக்கம் போவதுதான் புத்திசாலித்தனம். அதற்கு ஒரு முன்னுதாரணம் இருக்கிறது.

ஏலத்தில் உலகிலேயே அதிக விலைக்குப் போன கார் மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் கூபே. மொத்தம் இரண்டே செய்தார்கள். 2022 மே மாதம் ஸ்டட்கார்ட்டில் அந்த நிறுவனத்தின் மியூசியத்திலேயே ஒன்று 13 கோடியே 50 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் கணக்கில் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பணம் மாணவர் உதவித்தொகை நிதிக்குப் போனது. அது எந்தப் பந்தயத்தில் ஜெயித்தது என்றால், எதிலும் ஓடவே இல்லை. 1955 லெ மான் விபத்தில் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வருடத்தோடு மெர்சிடிஸ் பந்தயத்திலிருந்து விலகியது. வேலையில்லாமல் நின்ற கூபேயைத் தலைமைப் பொறியாளர் ருடால்ஃப் உலன்ஹாட் தன் அலுவலகக் காராக வைத்துக்கொண்டார். மியூனிக்கிலிருந்து ஸ்டட்கார்ட்வரை, 220 கிலோமீட்டரை, ஒரு மணி நேரத்தில் வந்து சேர்ந்தார் என்று ஒரு கதை. கதைதான். ஆனால் விலையில் அதற்கும் பங்கு உண்டு.

ஆக, ஆயிரம் கோடி ரூபாய் கார் என்பது ஒருவர் ஆபீஸ் போய்வந்த கார். உங்கள் வண்டியும் தினம் ஆபீஸ்தான் போகிறது. ஆகவே ஆர்.சி. புத்தகத்தை லேமினேட் செய்யுங்கள், சர்வீஸ் பில் ஒன்றையும் கிழித்துப்போடாதீர்கள், டச்சப் செய்யவே செய்யாதீர்கள்.