மருமகனே, எக்செலை வீட்டுக்கு அனுப்பு

வாங்க மருமகனே, வாங்க. ஜோகூர் பாருவில பெரிய ஆட்டோமேஷன் எல்லாம் பண்றீங்களாமே? உங்க அம்மா குளுவாங் பாசார்ல மீன்காரன்கிட்டகூட சொல்லிக்கிட்டு இருக்கா. ராத்திரி ஆளே இல்லாத ஆபீஸ்ல கம்ப்யூட்டர் தானா எக்செலைத் திறக்குதாம், தானா கணக்குப் போடுதாம், தானா ரிப்போர்ட்டை மேனேஜருக்கு அனுப்புதாம். ரொம்ப சந்தோஷம். தானா மூடுதான்னு மட்டும் யாரும் சொல்லக் காணோம்.

மூஞ்சியைத் திருப்பாதே. தோட்டத்துல கிராணியா இருந்த கிழவனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நீ நினைக்கிறது நெத்தியிலேயே எழுதியிருக்கு. செக்ரோல் புத்தகத்துல பேனாவால கோடு போட்டு ஆரம்பிச்சு, லோட்டஸ் பார்த்து, எக்செலும் பார்த்துட்டுத்தான் நான் வேலையை விட்டேன். நீ பொறந்ததுக்கு அப்புறம்தான் கம்ப்யூட்டரும் பொறந்துச்சுன்னு உனக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்காங்க.

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு காரியம் பண்ணு. கோப்பிக்குப் போறதுக்கு முன்னாடி, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி டாஸ்க் மேனேஜரைத் திற. டீடெயில்ஸ் பக்கத்துக்குப் போ. திரையில ஒரு எக்செல் ஜன்னல்கூட இருக்காது. பட்டியல்ல பார்த்தா 'எக்செல் டாட் இஎக்ஸ்இ' ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நிக்கும். மேல இருக்கிற தலைப்பு வரியில ரைட் கிளிக் பண்ணி, கமாண்ட் லைன்ங்கிற காலத்தையும் சேர்த்துப் பாரு. கையால திறந்த எக்செலுக்குப் பக்கத்துல அது இருக்கிற இடமும், சில சமயம் ஃபைல் பேரும் இருக்கும். உன் ஸ்கிரிப்ட் கூப்பிட்டுக்கிட்டு வந்த எக்செலுக்குப் பக்கத்துல மட்டும் '/ஆட்டோமேஷன் -எம்பெடிங்'னு ஒரு முத்திரை இருக்கும். எது யார் கூட்டிட்டு வந்த ஆளுன்னு விண்டோஸ் ஒளிவு மறைவு இல்லாம எழுதித்தான் வச்சிருக்கு. படிக்கத்தான் ஆள் இல்லை.

ஏன் நிக்குது? 1993-ல மைக்ரோசாஃப்ட் 'காம்'னு ஒரு ஏற்பாடு கொண்டு வந்துச்சு. ஒரு புரோகிராம் இன்னொரு புரோகிராமைக் கூப்பிட்டு வேலை வாங்குறதுக்கான சட்டதிட்டம் அது. அதோட கணக்கு அப்படியே நம்ம தோட்டத்துக் கணக்குதான். விடிகாலையில பெரட்டு. யார் யார் வேலைக்கு வந்தாங்கன்னு செக்ரோல்ல பேர் ஏறும். மத்தியானம் ஒவ்வொருத்தரும் ரப்பர் பாலைக் கொண்டாந்து நிறுத்துட்டுப் போகப் போக, கிராணி ஒவ்வொரு பேரா கழிப்பான். கடைசி ஆள் வராம அவன் ஸ்டோரைப் பூட்ட முடியாது. எல்லாரும் வீட்டுக்குப் போயிட்டாங்கன்னு நீ வாயால சொன்னா ஆகாது, புத்தகத்துல பூஜ்யம் வரணும். காம்லயும் அதே கதை. எக்செலோட ஒரு பாகத்தை யாராவது கையில எடுத்தா 'ஆட்ரெஃப்'னு ஒண்ணு கூடும். விட்டா 'ரிலீஸ்'னு ஒண்ணு குறையும். பூஜ்யம் ஆகுற வரைக்கும் எக்செல் பாவம், லைட்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கும்.

இப்ப உன் பழைய விபிஸ்கிரிப்ட்டை எடுத்துக்குவோம். நீ அனுப்பி வச்சதைப் பார்த்தேன். கடைசியில 'நத்திங்', 'நத்திங்', 'நத்திங்'னு பக்கம் முழுக்க எழுதியிருக்கே, சாமிக்கு அர்ச்சனை பண்ற மாதிரி. ஸ்கிரிப்ட் ஒழுங்கா ஓடி முடிஞ்சா அந்த வேரியபிள் எல்லாம் எப்படியும் விட்டுப் போகும், அதுக்கு இத்தனை மந்திரம் வேண்டாம். எழுத வேண்டிய ஒரே வரி 'குவிட்'. அதைக் காணோம். எழுதியிருந்தாலும், நடுவுல ஒரு எரர் வந்து ஸ்கிரிப்ட் பாதியிலேயே செத்துட்டா அந்த வரிக்குப் போய்ச் சேருமா? விபிஸ்கிரிப்ட்ல ட்ரை, ஃபைனலி எல்லாம் கிடையாது. 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்'னு கண்ணை மூடிக்கிட்டு ஓடத்தான் வழி. இதுல இன்னொரு கூத்து. 2023 அக்டோபர்லயே மைக்ரோசாஃப்ட் விபிஸ்கிரிப்ட்டைக் கைவிடப் போறோம்னு அறிவிச்சுருச்சு. நீ இன்னும் அதுக்குப் புதுச் சட்டை தைச்சுக்கிட்டு இருக்கே.

'குவிட்' எழுதியும் போகலையேன்னு கேப்பே. அங்கதான் வேடிக்கை. ஸ்கிரிப்ட் கூப்பிடுற எக்செல் ஜன்னல் காட்டாமத்தான் வரும், நீயா 'விசிபிள்'னு சொன்னாத்தான் முகத்தைக் காட்டும். உள்ளே புத்தகத்தைத் திருத்திட்டு 'சேவ்' பண்ணாம 'குவிட்' சொன்னா, அது மரியாதையா ஒரு கேள்வி கேக்கும்: "மாற்றங்களைச் சேமிக்கவா?" யாருகிட்ட கேக்குது? ராத்திரி ரெண்டு மணி, ஆபீஸ்ல ஏர்கான்கூட ஓடலை. ஜன்னலே இல்லாத திரையில பதிலுக்காகக் காத்துக்கிட்டு நிக்கும். அதனால முதல்லயே 'டிஸ்ப்ளே அலர்ட்ஸ்' ஃபால்ஸ்னு சொல்லி வாயைக் கட்டிரு. புத்தகத்தை மூடும்போது சேமிக்கணுமா வேண்டாமான்னு நீயே சொல்லிரு. அப்புறம் 'குவிட்'.

பவர்ஷெல்லுக்கு மாறிட்டேன் மாமான்னு போன வாரம் பெருமையா சொன்னே. மாறினது நல்லது, ஆனா அங்க சங்கதி இன்னும் நுணுக்கம். பவர்ஷெல் டாட்நெட் மேல நிக்குது. அது எக்செலை நேரடியாத் தொடாது, ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு உறை போட்டு அந்த உறையைத்தான் உன் கையில கொடுக்கும். உறையைக் கிழிச்சுப் போடுறது கார்பேஜ் கலெக்டரோட வேலை. அவன் உன் அவசரத்துக்கு வரமாட்டான், அவனுக்குத் தோணினப்பத்தான் வருவான். அதுவரைக்கும் எக்செல் புத்தகத்துல பேர் கழியாது.

நீ எழுதின வரியைப் பாரு: எக்செல், புள்ளி, ஒர்க்புக்ஸ், புள்ளி, ஓப்பன். திறந்த புத்தகத்துக்கு ஒரு வேரியபிள் வச்சே, சரி. நடுவுல வந்த 'ஒர்க்புக்ஸ்'க்குப் பேர் வச்சியா? பெரட்டுல அவன் பேர் ஏறிருச்சு, ஆனா நீ பேர் தெரியாம அனுப்பின ஆள். எப்படிக் கூப்பிட்டு வீட்டுக்கு அனுப்புவே? ஒரே வரியில ரெண்டு புள்ளி வைக்காதேன்னு இந்தத் தொழில்ல பழகினவங்க சொல்றது இதனாலதான். ஒர்க்புக்ஸுக்கு ஒரு பேர், புத்தகத்துக்கு ஒரு பேர், ஷீட்டுக்கு ஒரு பேர், ரேஞ்சுக்கு ஒரு பேர். முடிஞ்சதும் வந்த வழியே திரும்பு. ரேஞ்சை விடு, ஷீட்டை விடு, புத்தகத்தை மூடி விடு, ஒர்க்புக்ஸை விடு, கடைசியா 'குவிட்' சொல்லி எக்செலையே விடு. விடுறதுக்கு 'ரிலீஸ் காம் ஆப்ஜெக்ட்'னு ஒரு கட்டளை இருக்கு. அந்த உறைக்கு இன்னும் எத்தனை பாக்கின்னு ஒரு எண்ணையும் அது திருப்பிச் சொல்லும். நீ அந்த எண்ணைப் படிக்காமலே 'அவுட் நல்'லுக்குத் தள்ளி விட்டிருக்கே. கிராணி மிச்சம் இருக்கிற பேரைச் சொல்லும்போது காதைப் பொத்திக்கிட்ட கதை.

எல்லாத்தையும் பேர் வச்சு விடுறது சள்ளை பிடிச்ச வேலைதான், ஒத்துக்கிறேன். ஒண்ணை ரெண்டு தடவை விட்டுட்டா, உறை பிரிஞ்சு போச்சுன்னு வேற இடத்துல எரர் வரும். எனக்குப் பிடிச்ச வழி வேற. எக்செல் வேலை முழுக்க ஒரு ஃபங்ஷனுக்குள்ள போடு. உள்ளே ட்ரை, ஃபைனலி வச்சு, எது நடந்தாலும் 'குவிட்' ஓடுற மாதிரி பார்த்துக்க. ஃபங்ஷன் முடிஞ்சு வெளியே வந்தா உள்ளே இருந்த வேரியபிள் எதுவும் மிச்சம் இருக்காது. அப்புறம் வெளியே நின்னு கார்பேஜ் கலெக்டரை நீயே கூப்பிடு: 'கலெக்ட்', 'வெயிட் ஃபார் பெண்டிங் ஃபைனலைசர்ஸ்'. இந்த ரெண்டையும் ரெண்டு முறை சொல்லு. வேரியபிள் உயிரோட இருக்கும்போதே உள்ளே நின்னு கூப்பிட்டா அவன் வந்துட்டு வெறுங்கையோட போவான்.

இதையெல்லாம் விட்டுட்டு நீ கண்டுபிடிச்ச வைத்தியம் இருக்கே, அதைச் சொல்லாம விடமாட்டேன். டாஸ்க்கில், ஸ்லாஷ் எஃப், ஸ்லாஷ் ஐஎம், எக்செல் டாட் இஎக்ஸ்இ. ஸ்கிரிப்ட்டோட கடைசி வரியா இதைப் போட்டுட்டு "கிளீனா இருக்கு மாமா"ன்னு சொன்னே பாரு, உன் தைரியத்தைக் கும்பிடணும். ஐஎம்-னா பேரைப் பார்த்து அடிக்கிறது. எக்செல்னு பேர் வச்ச அத்தனை பேரும் காலி. 2013-லேர்ந்து ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனி ஜன்னல் தெரியுதே தவிர, கையால திறந்தா வழக்கமா எல்லாம் ஒரே புராசஸுக்குள்ளதான் இருக்கு. ஈபிஎஃபும் சொக்சோவும் மாசம் 15ஆம் தேதிக்குள்ள கட்டணும். 14ஆம் தேதி சாயங்காலம், அக்கவுண்ட்ஸ் அக்கா சம்பள ஷீட்டைத் திறந்து வச்சு, ஒவ்வொரு ஐசி நம்பரா சரிபார்த்துக்கிட்டு இருக்கா. உன் ஸ்கிரிப்ட் ஓடுது. அவ திறந்து வச்சிருந்த அத்தனையும் ஒரே நொடியில மாயம். எல்லாரும் ரிமோட் டெஸ்க்டாப்ல உள்ளே வர்ற ஒரே சர்வர்னா, அட்மின் உரிமையோட ஓடுற அந்த ஒரு வரி ஆபீஸ் முழுக்கப் பாயும். ஆட்டோ ரெகவர் இருக்கேன்னு சொல்லாதே. அது பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா எழுதும், ஒன்பதாவது நிமிஷத்துல நீ அடிச்சா?

அடிச்சே தீரணும்னா, ஆளைப் பார்த்து அடி. எக்செலைக் கூப்பிட்ட உடனே அதோட 'ஹெச்டபிள்யூஎன்டி' எண்ணை வாங்கி, அதுலேர்ந்து புராசஸ் ஐடியைக் கண்டுபிடிச்சு எழுதி வச்சுக்க. எல்லாம் முடிஞ்சு, கொஞ்ச நேரம் விட்டுப் பார்த்து, அந்த ஐடி இன்னும் நின்னா அதை மட்டும் நிறுத்து. இன்னொண்ணு: ஓடுற எக்செலைத் தேடிப் பிடிக்கிற 'கெட் ஆப்ஜெக்ட்'டை வச்சுக்கிட்டு 'குவிட்' சொல்லாதே. அது நீ கூட்டிட்டு வந்த ஆள் இல்லை, அக்கா கூட்டிட்டு வந்தது.

எனக்குத் தெரிஞ்ச ஒரு ஆபீஸ்ல நடந்ததைக் கேளு, பேர் வேண்டாம். 2014 ஜனவரி 1-லேர்ந்து நம்ம மாநிலத்துல வெள்ளியும் சனியும் லீவு ஆச்சா? அவங்களும் அதுக்கு மாறி, வாராந்திர ரிப்போர்ட்டை வியாழக்கிழமை ராத்திரிக்கு வச்சாங்க. மிச்சம் நிக்கிற எக்செல் ரெண்டு நாள் யார் கண்ணுலயும் படாது. ஞாயித்துக்கிழமை காலையில முதல்ல வர்ற பையன் மெஷினை ரீஸ்டார்ட் பண்ணிட்டுத்தான் உக்காருவான். நோய் இருக்கிறதே தெரியாம வருஷக்கணக்கா ஓடுச்சு. 2025 ஜனவரி 1-ல மறுபடியும் சனி, ஞாயிறுக்கு மாறினோம். ஸ்கிரிப்ட் மட்டும் வியாழக்கிழமையிலேயே நின்னுருச்சு. வெள்ளிக்கிழமை காலையில எல்லாரும் வேலைக்கு வர்றாங்க, ஃபைலைத் தொட்டா "இன்னார் திருத்திக்கொண்டிருக்கிறார்"னு பூட்டு. யார் அந்த இன்னார்? அந்த மெஷின்ல ஆபீஸ் போட்டப்போ பேர் கொடுத்த பழைய கிளார்க். வேலையை விட்டுட்டு சிங்கப்பூர் போயி வருஷமாச்சு. "அவன் பாலம் தாண்டிப் போயும் நம்ம ஃபைலை விடமாட்டேங்கிறானே"ன்னு ஒரு அம்மா புலம்பினதுதான் அன்னைக்குப் பேச்சு. அவனுக்கு போன் போட்டுத் திட்டினதாகவும் கேள்வி. பாவம், திட்டு வாங்கினவன் அவன், நின்னுக்கிட்டு இருந்தது எக்செல்.

கூலாய்க்கு அந்தப் பக்கம் செடெனாக்ல செம்பனைக்கு நடுவுல டேட்டா சென்டர் எழும்புது. கரண்டும் தண்ணியும் பத்துமான்னு பேப்பர்காரன் தினமும் எழுதுறான். நீ ஒரு பழைய டெஸ்க்டாப்ல நாலு எக்செலை வேலையில்லாம உக்கார வச்சு மெமரியைத் தின்ன விடுறே. எல்லாம் அவங்கவங்க தகுதிக்கு.

கடைசியா ஒரு ரகசியம். எக்செலை உண்டாக்கின மைக்ரோசாஃப்ட்டே, ஆள் இல்லாத நேரத்துல சர்வர்ல ஆபீஸ் புரோகிராமை இப்படி ஓட்டாதீங்க, நாங்க அதைச் சிபாரிசு பண்ணலை, ஆதரவும் கொடுக்கலைன்னு எப்பவோ எழுதி வச்சிருச்சு. எக்செல் மனுஷன் முன்னாடி உக்காந்து பேசுறதுக்குச் செஞ்சது. 2007-லேர்ந்து வர்ற எக்ஸ்எல்எஸ்எக்ஸ் ஃபைல் ஜிப் கட்டுக்குள்ள இருக்கிற எக்ஸ்எம்எல்தான். அதை எழுத எக்செலே வேண்டாம். பைத்தான்ல ஓப்பன்பைஎக்செல் இருக்கு, பவர்ஷெல்லுக்கு இம்போர்ட்எக்செல் மாட்யூல் இருக்கு. எக்செல் இல்லாத மெஷின்லயே ரெண்டும் வேலை செய்யும், கூப்பிடாத ஆளை வீட்டுக்கு அனுப்புற பிரச்சனையும் இல்லை. மேக்ரோ ஓட்டணும், ஃபார்முலாவைத் திரும்பக் கணக்குப் போட வைக்கணும்னா மட்டும் எக்செலைக் கூப்பிடு. உன் வாராந்திர ரிப்போர்ட்ல மேக்ரோவும் இல்லை, ஃபார்முலாவும் இல்லை, வெறும் எண்ணும் கலரும்தான். முதல்ல அதை மாத்து. அதுவரைக்கும் அந்த டாஸ்க்கில் வரியை இன்னைக்கே அழி. இந்த மாசம் 14ஆம் தேதி வர்றதுக்கு இன்னும் நாள் இருக்கு.