நெய்தலா, முல்லையா? கோல்ஃப் விடுமுறை குறித்து ஒரு திணைநோக்கு

முகவுரை

ஸ்காட்லாந்துக்கு ஒரு வாரம் கோல்ஃப் ஆடப் போகிறவர் கடற்கரைத் திடல்களில் எத்தனை நாள் ஆடுவது, உள்நாட்டுத் திடல்களில் எத்தனை நாள் ஆடுவது? இக்கேள்வி இதுகாறும் முறையாக ஆராயப்படவில்லை என்பது வியப்புக்கும் வருத்தத்துக்கும் உரியது. போகிறவர்கள் நாலு பேரைக் கேட்டு, பர்ஸைத் திறந்து பார்த்து, முடிவு செய்துவிடுகிறார்கள். கருதுகோள் கிடையாது, முன்னாய்வு மீள்பார்வை கிடையாது. இப்படி ஆதாரமே இல்லாமல் மகிழ்ச்சியாக இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்களின் போக்கைக் கண்டிப்பது இக்கட்டுரையின் முதல் நோக்கம்.

ஆய்வின் எல்லை: ஸ்காட்லாந்து, வேறு வழியில்லாதபோது அயர்லாந்து. ஆய்வின் பயன்: பதவி உயர்வு.

தோற்றம்

ஓர் ஆட்டம் எங்கே பிறந்தது என்று நிறுவாமல் அதை ஆடக் கிளம்புவது முறையன்று. கோலால் பந்தடிக்கும் பழைய ஆட்டங்கள் தங்களிடமும் இருந்தன என்று நெதர்லாந்துக்காரர்களும் சீனர்களும் சான்று காட்டுவர். ஸ்காட்லாந்துக்காரர் கையில் இருக்கும் மிகப் பழைய எழுத்துச் சான்றோ ஒரு தடையாணை. குடிமக்கள் வில்வித்தைப் பயிற்சியைக் கைவிட்டு இதில் இறங்குகிறார்கள் என்று 1457-இல் இரண்டாம் ஜேம்ஸ் அரசரின் பாராளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் சேர்த்துத் தடுத்தது. 1471-இலும் 1491-இலும் தடை மறுபடி போடப்பட்டது. ஒரே தடையை மூன்று முறை போட நேர்ந்ததால், முதலிரண்டு முறையும் யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை என்பது பெறப்படும். செய்ய வேண்டிய வேலையை விட்டுவிட்டு ஆடப் போவதே இவ்வாட்டத்தின் தொன்மையான இலக்கணம் என்பதும் உடன்பெறப்படும்.

தோற்ற விவாதத்தில் நம்மவர் இன்னும் களமிறங்கவில்லை. இறங்கினால் மற்ற மூவரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். எங்காவது ஓர் அகழாய்வுக் குழியில் உருண்டையாக ஒரு கல் அகப்பட்டால் போதும்.

முறையியல்

இவ்வாய்வு திணைக் கோட்பாட்டைக் கைக்கொள்கிறது. எந்தப் பொருளுக்கும் அதைப் பொருத்தலாம், பொருந்தாவிட்டால் பொருளின்மேல்தான் குற்றம் என்பதை நம் பல்கலைக்கழகங்கள் ஐயந்திரிபற நிறுவியிருக்கின்றன. ஆகவே கடற்கரைத் திடல் நெய்தல். காடும் மேய்ச்சல் வெளியும் சார்ந்த உள்நாட்டுத் திடல் முல்லை. குறிஞ்சியில் பந்து உருண்டு போய்விடும், விடுக. மருதம் என்பது ஊரிலேயே இருந்துவிடுவது. பாலை, திரும்பி வந்தபின் வரும் கிரெடிட் கார்டு பில்.

முதற்பொருள்

நிலம்: கடலுக்கும் உழவு நிலத்துக்கும் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும், எந்தப் பயிருக்கும் உதவாத மணற்பட்டையே லிங்க்ஸ். மணல் என்பதால் மழைநீர் உடனுக்குடன் வடிந்துவிடும். தரை கெட்டியாக இருக்கும். ஃபெஸ்க்யூ என்னும் மெல்லிய புல் அதன்மேல் குட்டையாகப் படர்ந்திருக்கும். இங்கே பந்து விழுந்த இடத்தில் நிற்பதில்லை. விழுந்த பிறகுதான் ஊர் சுற்றவே கிளம்புகிறது. மரம் அநேகமாக இல்லை. ஆதலால் காற்றைக் கேட்பாரும் இல்லை. உள்நாட்டில் மரம் உண்டு, மறைப்பு உண்டு, தரையில் ஈரம் உண்டு. பந்து விழுந்த இடத்தில் சமர்த்தாக உட்காரும். க்ளென்ஈகிள்ஸில் ஜேம்ஸ் பிரெய்டு வடிவமைத்து 1919-இல் திறக்கப்பட்ட கிங்ஸ் கோர்ஸும், பிளேர்கவுரியில் பைன் மரங்களுக்கு ஊடே செல்லும் ரோஸ்மவுண்டும் முல்லைக்கு எடுத்துக்காட்டு.

பொழுது: முல்லைக்குக் கார்காலம் உரியது, நெய்தலுக்கு ஆறு பெரும்பொழுதும் உரியவை. இலக்கணம் வகுத்தவர்கள் ஸ்காட்லாந்து போய்வந்தவர்கள் என்பதற்கு இதைவிட வலிய அகச்சான்று வேண்டியதில்லை. அங்கே கடற்கரையில் முதல் குழிக்கும் பதினெட்டாம் குழிக்கும் இடையிலேயே ஆறு பெரும்பொழுதும் வந்து போய்விடுகின்றன. ஜூன் மாதத்தில் வடக்கே டோர்னோக்கில் இரவு பத்து மணிக்கும் பந்து கண்ணுக்குத் தெரியும். மாலை என்னும் சிறுபொழுது அங்கே எப்போது முடிகிறது என்பது தனி ஆய்வுக்கு உரியது. அதற்கான நிதிநல்கை விண்ணப்பம் போயிருக்கிறது.

கருப்பொருள்

தெய்வம்: வருணன். மழைக்கோட் எடுத்துப் போகவும்.

உணவு: ஹேகிஸ். உள்ளே என்ன என்று சாப்பிட்ட பிறகு கேட்கவும்.

பறவை: கடற்காகம்.

மரம்: நெய்தலில் இல்லை. முல்லையில், பந்து போக வேண்டிய வழியில் உண்டு.

பறை: குடைமேல் மழை.

விலங்கு: இதைச் சற்று விரிவாகக் காண வேண்டும். விலங்கறிவு இல்லாமல் திட்டமிட்ட கோல்ஃப் விடுமுறை விடுமுறையே அன்று என்பது அறிஞர் துணிபு (கட்டுரையாளர், இதே வாக்கியம்).

முதலாவது முயல். 1552-இல் பேராயர் ஹாமில்டனுக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தாருக்கும் இடையே ஓர் ஆவணம் எழுதப்பட்டது. கடற்கரைத் திடலில் பேராயர் முயல் வளர்க்கலாம். நகரத்தார் கோல்ஃப் ஆடலாம். ஆக, அந்த ஊரில் முயலும் கோல்ஃபும் ஒரே பத்திரத்தில் பங்கு பெற்ற பங்காளிகள். பங்காளிகள் என்றால் வழக்கு வராமல் இருக்குமா? 1797-இல் கடனில் மூழ்கிய நகரசபை திடலைக் கைமாற்றிவிட, அது முயல் வியாபாரிகளிடம் போய்ச் சேர்ந்தது. முயல் பெருகியது, வளை பெருகியது, ஃபேர்வே என்னும் ஆடுபாதை சல்லடையாயிற்று. ஆடுவோர் ஒரு பக்கம், வளர்ப்போர் ஒரு பக்கம் என்று ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படி ஏறினார்கள். 1821-இல் ஜேம்ஸ் சீப் என்ற உள்ளூர் நிலக்கிழார் திடலை விலைக்கு வாங்கிய பிறகே கோல்ஃபுக்கு உயிர் வந்தது. அவரும் கோல்ஃப் ஆடுகிறவர். முயல் தரப்பில் வாங்குவதற்கு ஆளில்லை.

இங்கே ஓர் ஐயம். முயல்வளைக்குள் போன பந்தைக் குழிக்குள் போன பந்தாகக் கொள்ளலாமா? கொள்ளலாகாது என்பது ஒரு சாரார் கருத்து. கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், அந்த அளவை முயல் ஒப்புக்கொண்டதற்குச் சான்றில்லை என்பர் (கிளப் உணவக பில், பின்புறம், காப்பிக் கறைக்குக் கீழே). கொள்ளலாம் என்பது மறுசாரார் கருத்து. அவர்கள் அன்று தோற்றுக்கொண்டிருந்தவர்கள் (மேற்படி பில், கறைக்கு மேலே, வேறு கையெழுத்து). இன்றைய விதியோ, விலங்கு தோண்டிய குழியில் கிடக்கும் பந்தைத் தண்டனை ஏதுமின்றி எடுத்துப் பக்கத்தில் போட்டு ஆடலாம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறது. இத்தகைய அவசர முடிவுகளால் ஆராய்ச்சிக்கு விளையும் கேடு கொஞ்சநஞ்சமன்று.

இரண்டாவது செம்மறி. காற்றுக்கு ஒதுங்கிய செம்மறிகள் மணலைத் தேய்த்துத் தேய்த்துப் பங்கர் என்னும் மணற்குழிகளை உண்டாக்கின என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. செயின்ட் ஆண்ட்ரூஸின் ஓல்டு கோர்ஸ் திடலில் 112 பங்கர்கள் இருப்பதாகக் கணக்கு. இவற்றுள் எவை ஆட்டால் ஆனவை, எவை ஆளால் ஆனவை என்று பகுத்துணர வேண்டும். பதினான்காம் குழிக்குப் போகும் வழியில் ஆள் உயரத்துக்கும் மேல் மண்சுவர் எழும்பி நிற்கும் பங்கருக்கு நரகம் என்றே பெயர். இதைத் தோண்டிய ஆடு என்ன மனநிலையில் இருந்திருக்கும் என்று உளவியலார் இன்னும் வாய் திறக்கவில்லை. வடக்கே பிரோராவில் நெடுங்காலமாக ஆடு மாடுகளுக்குத் திடலிலேயே மேய்ச்சல் உரிமை இருந்தது. அவை நுழையாதிருக்கக் கிரீன் என்னும் குழிசூழ் புல்தளங்களைச் சுற்றி மின்கம்பி கட்டியிருந்தார்கள். பட்டர் என்னும் கோலைக் கையில் பிடித்துக்கொண்டு, காலைத் தூக்கி, கம்பியைத் தாண்டி உள்ளே போக வேண்டியிருந்தது. ஈரக் கால்சட்டையோடு இதைச் செய்தவர்கள் தந்த வாய்மொழித் தரவுகள் அச்சிடத் தக்கவையல்ல (ஓட்டல் வரவேற்பறை மரப்பலகை, குடைத்தாங்கிக்கு அருகில், நின்றவாறே கேட்டது, கேட்டவர் சிரித்ததால் இடையிடையே விடுபட்டுள்ளது).

மூன்றாவதாகவும் முதன்மையாகவும் வெள்ளாடு. இதற்காக மட்டும் அயர்லாந்து போக வேண்டியிருக்கிறது. கிளேர் கவுண்டியில் லாஹிஞ்ச் என்ற கடற்கரைத் திடல் உண்டு. அங்குள்ள வெள்ளாடுகள் தொலைவில் மணல்மேடுகளில் மேய்ந்தால் வானம் வெளுப்பு. கிளப் கட்டடத்தின் பக்கம் வந்து ஒதுங்கினால் மழை நிச்சயம். கிளப்பின் காற்றழுத்தமானி பழுதானபோது, ஆடுகளைப் பார்க்கவும் என்று அதன்மேல் எழுதிவைத்துவிட்டார்கள். கிளப் சின்னத்திலும் ஆடுதான்.

வெள்ளாடு எந்த ஆய்விதழிலும் எழுதியதில்லை. கருத்தரங்கில் மேடை ஏறியதில்லை. முன்னாய்வாளர் எவரையும் மேற்கோள் காட்டியதில்லை. இருந்தும் அதன் கணிப்பை நம்பிக் குடை எடுக்கிறார்கள். இவ்விரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு உண்டா என்று வினவுவது சில துறைத்தலைவர்களின் மனத்தைப் புண்படுத்தும் என்பதால் மேலே செல்வோம் (மழைக்கோட்டின் இடது உட்பையில் நனைந்து மடிப்போடு ஒட்டிப்போன மதிப்பெண் அட்டை, பின்புறம், பென்சில் எழுத்து, இஸ்திரிப் பெட்டியால் உலர்த்திப் பதிப்பிக்கப்பட்டது, ஏழாம் வரியில் எஞ்சியிருப்பது ‘ஆடு’ என்ற ஒரு சொல், அதைப் பெயராகக் கொள்வாரும் ஏவல் வினையாகக் கொள்வாரும் உளர், இரு தரப்பாரும் இப்போது பேசிக்கொள்வதில்லை).

நான்காவது மிட்ஜ். முல்லை நிலத்தின் பெருமை முழுவதும் இந்த ஒற்றைப் பூச்சியால் வந்தது. கோடையில், ஈரமும் நிழலும் உள்ள மேற்குப் பகுதிகளில், புள்ளி அளவே உள்ள இது கூட்டமாக வந்து கடிக்கும். காற்று சற்றே வேகமாக அடித்தால் அதனால் பறக்க முடியாது. எனவே கடற்கரையில் காற்றோடு மல்லுக்கு நிற்பவர் மிட்ஜிடமிருந்து தப்புகிறார். காற்றுக்குப் பயந்து காட்டுக்குள் போனவர் சொறிகிறார். இவ்வாய்வின் ஒரே அறிவியல் முடிவு இது.

உரிப்பொருள்

முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல். தலைவன் வருவான் என்று தலைவி வீட்டில் ஆற்றியிருப்பது பழைய இருத்தல். குலுக்கலில் பெயர் வருமென்று தலைவன் ஓட்டல் அறையில் கைப்பேசியை வெறித்துக்கொண்டிருப்பது புதிய இருத்தல். ஓல்டு கோர்ஸில் முன்பதிவு வாய்க்காதவர்கள் இருவர் முதல் நால்வர் வரை சேர்ந்து, ஆட நினைக்கும் நாளுக்கு இரண்டு நாள் முன்னதாகப் பெயர் கொடுக்க வேண்டும். குலுக்கலில் விழுந்தால் ஆட்டம். தனியாள் முன்பெல்லாம் விடியாத இருட்டில் வரிசையில் நின்றார். 2024 முதல் அவருக்கும் குலுக்கல்தான். உத்திரமேரூர்க் குடவோலைக்கும் இதற்கும் உள்ள உறவை நிறுவும் பொறுப்பை அடுத்த ஆய்வாளருக்கு விட்டுவைக்கிறோம்.

ஓல்டு கோர்ஸ் கடற்கரையில் அல்லவா இருக்கிறது, முல்லைக்குரிய இருத்தல் அங்கே எப்படி வந்தது என்று மாணவர் கேட்கலாம். திணைமயக்கம். இச்சொல்லை ஆக்கித் தந்தவருக்கு ஆய்வுலகம் என்றும் கடன்பட்டது. கோட்பாடு எங்கே ஓட்டை விட்டாலும் அங்கே இதை வைத்து அடைத்துவிடலாம்.

இரங்கல், தொலைந்த பந்துக்கு உரியது. மஞ்சள் பூப் பூத்த முட்புதருக்குள் போன பந்தை ஐந்து நிமிடம் தேடும் மரபு இருந்தது. 2019-இல் அதை மூன்று நிமிடமாக வெட்டிவிட்டார்கள்; துக்கம் காக்கவும் நேரமில்லாத காலம். மாக்ரிஹானிஷில் முதல் அடியே கடற்கரை மணலைக் குறுக்காகத் தாண்ட வேண்டும். தாண்டாவிட்டால் மணலில் இறங்கி, பந்து கிடக்கும் இடத்திலிருந்தே அடிக்கலாம், அலை வருவதற்குள். நார்த் பெரிக்கில் பதின்மூன்றாம் கிரீனுக்கு முன்னால் ஒரு கற்சுவர் நிற்கிறது. அது எந்த உரிப்பொருளிலும் அடங்காது. சுவர்.

எண்ணாராய்ச்சி

ஓல்டு கோர்ஸில் ஏழு கிரீன்கள் இரட்டைக் கிரீன்கள். போகும் குழியும் திரும்பும் குழியும் ஒன்றைப் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டும் பதினாறும், மூன்றும் பதினைந்தும், நான்கும் பதினான்கும் என்று எந்த இணையைக் கூட்டினாலும் 18. அந்த 18-இன் இலக்கங்களான ஒன்றையும் எட்டையும் கூட்டினால் 9. அங்கே 1764-க்கு முன் ஒரு சுற்றுக்கு 22 குழிகள், பிறகுதான் 18. ஆகவே 1764-க்கு முன் எண்கணிதம் இருந்ததா என்பது ஐயத்துக்கு இடமானது.

பயண ஒழுங்கு

பக்க வரையறை கருதி இப்பகுதி சுருக்கப்படுகிறது. செயின்ட் ஆண்ட்ரூஸுக்கு 1969 முதல் ரயில் இல்லை. லூக்கர்ஸில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். க்ளென்ஈகிள்ஸுக்கும் நார்த் பெரிக்குக்கும் ரயில் உண்டு. 1860-இல் எட்டே பேர் ஆடிய முதல் ஓபன் போட்டியைக் கண்ட பிரெஸ்ட்விக்கில் ரயில் நிலையம், முதல் டீ என்னும் அடிமேடையின் பக்கத்திலேயே இருக்கிறது. வலப்புறம் கோணலாக அடித்தால் பந்து தண்டவாளத்துக்கு. ஆட்டத்திறனைக் காட்டும் ஹேண்டிகேப் சான்று கையில் இருக்கட்டும். இரண்டு நாள் கடற்கரையில் காற்றிடம் அடி வாங்கியவர் மூன்றாம் நாள் மர மறைப்புக்குப் போனால் உடம்பு தாங்கும். ஒரு நாளைக் காலியாக வைத்தால் குலுக்கல் விழுந்தாலும் ஆடலாம், விழாவிட்டாலும் தூங்கலாம்.

முடிவுரை

கடற்கரையா, உள்நாடா என்ற வினாவுக்கு இக்கட்டுரை விடை காணவில்லை. விடை கண்டால் இரண்டாம் பாகம் எழுத முடியாது. ஆய்வு இவ்வளவு ஆழமாகப் போனதில் ஒரு சிறு செய்தி மட்டும் எந்தத் தலைப்பிலும் இடம்பெறாமல் போயிற்று. சில போட்டிக் காலங்கள் தவிர, ஞாயிற்றுக்கிழமைகளில் ஓல்டு கோர்ஸில் ஆட்டம் கிடையாது. அன்று ஊர்க்காரர்கள் நாயோடு நடை போவார்கள். விமான டிக்கெட் எடுப்பதற்கு முன் காலண்டரைப் பார்த்துவிடுங்கள்.