கொள்கைச் சார்

மனு எழுதித் தருபவர், ஜாதகம் எழுதித் தருபவர் வரிசையில் இப்போது ஒரு புது ஆள் சேர்ந்திருக்கிறார். வெப்சைட்டுக்குப் பிரைவசி பாலிசி எழுதித் தருபவர். 'எழுதி' என்பது மரியாதைக்குச் சொல்வது. அவருடைய பென்டிரைவில் இருப்பது ஒரே ஒரு பாலிசி. கலிபோர்னியாவில் நாய்த் தீனி விற்கும் ஏதோ ஒரு கம்பெனியுடையது. பெயரை மட்டும் மாற்றுவார். கட்டணம் மூவாயிரம்.

மணப்பாறையில் ஒரு முறுக்குக் கடைக்காரர் ஆன்லைனில் விற்க ஆசைப்பட்டார். சார் வந்து உட்கார்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, "250 கோடி." வாடிக்கையாளர் விவரத்தைப் பத்திரமாக வைக்காவிட்டால் 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அபராதம் அதுவரை போகலாம் என்பது நிஜம். சம்மதம் கேட்பதைத் தெளிவாக, எளிமையாகக் கேள், ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையின் 22 மொழிகளில் எதிலோ படிக்க வழி செய் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அந்தப் பக்கம் மட்டும் சாரின் ஜெராக்ஸில் விழவில்லை.

பதினோரு பக்கம் நீட்டினார். பிளஸ் டூ படிக்கும் மகள் அப்பாவுக்கு அர்த்தம் சொன்னாள்.

"செல்லப் பிராணியோட இனம், வயசு, எடை எல்லாம் நாம கேட்டு வாங்குறோமாம்ப்பா."

"நாயோட எடை நமக்கு எதுக்கு சார்?"

"இருந்துட்டுப் போகட்டும்ணே, ஒரு சேஃப்டிக்கு."

வழக்கு என்றால் சான்டா கிளாரா கோர்ட்டில்தானாம். முறுக்கு நொறுங்கிப் போய்ச் சேர்ந்தால் வாங்கியவர் முதலில் விசாவுக்கு அலைய வேண்டும். 13 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்றிருந்தது. அது அமெரிக்கக் கணக்கு, நம் சட்டத்தில் 18 வரை குழந்தைதான் என்றேன். பந்தியில் உப்புக் குறை சொன்னவனைப் பார்ப்பதுபோல் சார் என்னைப் பார்த்தார்.

கடைக்காரர் 'மூன்றாம் தரப்பில்' சிக்கிக்கொண்டார். "நானும் வாங்குறவரும் ரெண்டு பேரு. மூணாவது யாரு?"

"கூரியர்காரன்ணே."

"அப்ப கூரியர்காரர்னே எழுதலாமே! பேரு, போன் நம்பர், அட்ரஸ் வாங்கிக்கிறோம். பொட்டலம் வந்து சேரணும்ல, அதுக்காகக் கூரியர்காரருக்குக் குடுப்போம். கார்டு நம்பர் எங்க கைக்கே வராது. அழிக்கச் சொன்னா அழிச்சிடுறோம். இவ்வளவுதானே சார்?"

இவ்வளவுதான். நான் இதைவிட நல்ல பாலிசி படித்ததில்லை. சார்தான் பதறிவிட்டார். "புரியிற மாதிரி எழுதினா எவன்ணே மதிப்பான்?"

டீ வந்தது. கல்லாவில் ஆர்டர் நோட்டு விரித்தபடி கிடந்தது. பெயர், நம்பர், யார் வீட்டுக்கு எத்தனை கிலோ, எல்லாம் தெருவைப் பார்த்தபடி. சார் கிளாஸை அதன்மேல் வைக்கப் போனவர், குனிந்து படித்தார்.

"என்னண்ணே, டாக்டர் வீட்டுக்கு வாரம் நாலு கிலோவா? அந்தம்மாவுக்குப் பி.பி.ன்னாங்களே!"