காலி நாளுக்கும் இலை போடுகிறவர்களுக்கு

பெறுநர்: இணையதளப் பொறுப்பாளர் அவர்கள், ஒரு சங்கீத சபா, சென்னை.

பொருள்: நிகழ்ச்சியே இல்லாத நாட்களுக்கும் சுட்டி வழங்கிவரும் தங்கள் தயாள குணத்தைப் பாராட்டுதல் தொடர்பாக.

ஐயா,

போன ஜூலையில் ஒருநாள், சாயங்காலம் கச்சேரி உண்டா என்று பார்க்கத் தங்கள் இணையதள நாட்காட்டியைத் திறந்தேன். 31 தேதிகளும் நீல நிறத்தில், அடிக்கோட்டோடு, ‘என்னைத் தொடு’ என்று நின்றன. மார்கழி ஆடியிலேயே வந்துவிட்டதோ என்று பூரித்து ஒவ்வொன்றாகத் தொட்டேன். ஒவ்வொரு தேதிக்கும் தனிப் பக்கம். மேலே சபாவின் சின்னம், கீழே புரவலர் விளம்பரம், நடுவில் ஒரே வரி: ‘இந்த நாளில் நிகழ்ச்சி ஏதுமில்லை.’ பந்தியில் உட்காரவைத்து, இலை போட்டு, தண்ணீரும் தெளிக்கச் சொல்லிவிட்டு, ‘இன்றைக்கு உலையே வைக்கவில்லை’ என்கிற உபசாரத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

அடுத்த மாதத்துக்குக் கூட்டிப்போகும் வலப்பக்க அம்புக்குறிக்கு அலுப்பே கிடையாது. நான் 2040-இல் களைத்துவிட்டேன். கூகுளின் எந்திரம் அவ்வளவு சீக்கிரம் களைக்காது. சுட்டியைக் கண்டால் போய்ப் பார்ப்பது அதன் ஜாதகம். நாள், வாரம், மாதம் என்று மூன்று விதமாகப் பக்கம் போடுகிறீர்கள். வருஷத்துக்கு 365, 52, 12, ஆக 429 முகவரிகள். கதவைத் தட்டினால் தங்கள் சர்வர் ‘200’ என்கிறது. பக்கம் இருக்கிறது, உள்ளே வரலாம் என்று அதற்குப் பொருள். பக்கமே இல்லை என்னும் ‘404’-ஐச் சொல்லியிருந்தால் அந்த ஜீவன் அப்போதே திரும்பியிருக்கும். முடிவில்லாமல் ஓடும் நாட்காட்டிகளைப் பற்றி கூகுள் 2008-லேயே எச்சரித்ததாம். தாராள மனசுக்காரர்கள் இதையெல்லாம் காதில் வாங்குவார்களா?

இடப்பக்க அம்பும் சளைத்ததல்ல. முகவரியில் 1752 செப்டம்பர் 3 என்று போட்டுப் பார்த்தேன். பிரிட்டன் நாட்காட்டி மாற்றிய வருஷம் அது. அங்கே 2-ஆம் தேதிக்கு மறுநாள் 14. நடுவில் 11 நாள் பிறக்கவேயில்லை. ‘நிகழ்ச்சி ஏதுமில்லை’ என்றது தங்கள் பக்கம். அந்த ஒரு பதிலில் மட்டும் குறை சொல்ல முடியாது.

இலவசமாகக் கிடைக்கும் இணையதள மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸின் சொந்த நாட்காட்டியோ மகா கருமி. பதிவு உள்ள தேதிக்குத்தான் சுட்டி. மற்றவை வெறும் எண். அம்புகூட பதிவு உள்ள மாதத்துக்குத்தான் தாவும். அந்தப் பழக்கம் தங்களுக்குத் தொற்றிவிடக் கூடாது.

இப்படிக்கு,
31 முறை தொட்ட ரசிகன்

பி.கு.: 2096 பிப்ரவரி 29 அன்று தங்கள் அரங்கம் காலி என்று தெரிகிறது. கொள்ளுப்பேரனின் நிச்சயதார்த்தத்துக்கு வாடகை எவ்வளவு?