பாரம் அண்ணாச்சி

அண்ணாச்சி புறம் பேசி நான் கேட்டதே இல்லை. அவர் கொடுப்பதெல்லாம் ஜெபக்குறிப்பு.

ஞாயிறு ஆராதனை முடிந்து, வேப்பமரத்தடியில் டீ கேனைத் திறக்கும் நேரம். ஜிப் வைத்த உறையில் வேதாகமம், சட்டைப்பையில் மூக்குக்கண்ணாடி, முகத்தில் ஊருக்கே சேர்த்து ஒரு துக்கம். மெல்ல வந்து தோளைத் தொடுவார். "தம்பி, ராத்திரி பூரா தூக்கமில்ல. ஒரு பாரம்." அவ்வளவுதான், நிறுத்திவிடுவார். "என்ன பாரம் அண்ணாச்சி?" என்று நாம் வாயைத் திறந்தால் போச்சு. கேட்டது நாம், அவராகச் சொல்லவில்லை என்று கணக்கு நேராகிவிடும். "சொல்லப்படாதுதான். நீங்க ஜெபிக்கிற ஆளுங்கதால சொல்லுதேன்" என்பார். நான் ஜெபிக்கிற ஆள் என்று என் வீட்டிலேயே யாரும் நம்புவதில்லை.

பேர் அப்படி வந்ததே தவிர, ஒரு பாரம் அவர் தோளில் அரை மணி நேரம் தங்கி நான் பார்த்ததில்லை.

சொந்த ஊர் நாசரேத் பக்கம். தாம்பரத்துச் சபைகளில் தெற்கத்திக்காரர்களுக்குப் பஞ்சமில்லை. ரயில்வே, விமானப்படை, பள்ளிக்கூடம் என்று வேலைக்கு வந்து, சேலையூரிலும் முடிச்சூரிலும் அரை கிரவுண்டு, ஒரு கிரவுண்டு வாங்கி வீட்டைக் கட்டிக்கொண்டு தங்கிவிட்டவர்கள். நெல்லை எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும்போது கருப்பட்டியும் முதலூர் மஸ்கோத்தும் மட்டுமா இறங்குகின்றன? அண்ணன் தம்பி சொத்துத் தகராறு, அறுந்துபோன சம்பந்தம், சபை ஐயரோடு கமிட்டிக்காரர் போட்ட சண்டை எல்லாம்தான் இறங்குகின்றன. அவற்றை வாங்கிக்கொள்ள அண்ணாச்சி இருக்கிறார்.

நற்செய்தியை உலகமெங்கும் எப்படிக் கொண்டுபோவது என்று 1938 டிசம்பரில் இதே தாம்பரத்தில், கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தில் பெரிய மாநாடு கூடியது. பல நாடுகளிலிருந்து 400 பேருக்கு மேல் கப்பலேறி, ரயிலேறி வந்து பேசினார்கள். அண்ணாச்சி அப்போது பிறக்கவில்லை. பிறந்திருந்து அவரிடம் ஒப்படைத்திருந்தால், 'நற்' என்பதை மட்டும் கழற்றிவிட்டு ஒரே வாரத்தில் கொண்டு சேர்த்திருப்பார்.

வேதம் தெரியாதவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. நாவைப் பற்றிச் சொல்லும் யாக்கோபு நிருபத்தின் மூன்றாம் அதிகாரம், 18 வசனமும் மனப்பாடம். சின்ன வயதில் அதற்குப் பரிசு வாங்கியிருக்கிறார். சின்ன நெருப்பு பெரிய காட்டைக் கொளுத்துவதைப் பற்றி அவர் ஒப்பிக்கும்போது நமக்கே கண் கலங்கும். ஒப்பித்து முடித்த கையோடு, "அதுக்குன்னு சொல்லல... நம்ம டீச்சரம்மாவ சானடோரியத்துல பாத்தேன்" என்று தீக்குச்சியை எடுப்பார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு சானடோரியம் என்ற பெயரின் கனம் தெரியும். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனைதான் அந்த வட்டாரத்துக்கே பெயர் கொடுத்தது. ரயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். இன்றைக்கு அங்கே இறங்குகிறவர்களில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலக் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு, பக்கத்துத் தெருவில் வீடு இருக்கிறவர்கள் உண்டு. ஆனாலும் "சானடோரியத்துல இறங்கினாவ" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் அது ரயில் நிலையத்தின் பெயராக இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சி சொன்னது இவ்வளவே: டீச்சரம்மா சானடோரியத்தில் இறங்கினார், கையில் ஒரு ஃபைல். நான் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவளும் யாரிடமும் சொல்லாமல் அவள் அக்காவிடம் மட்டும் சொன்னாள். புதன்கிழமை வீட்டு ஜெபத்துக்குள் ஃபைலுக்குள் எக்ஸ்ரே வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டத்தில் அண்ணாச்சியே எழுந்து கண்களை மூடிக்கொண்டார்: "நெஞ்சுல வியாதியோட போராடுற ஒரு சகோதரிக்காக, ஆண்டவரே... பேரு வேண்டாம், பேரு உமக்குத் தெரியும். செம்பாக்கத்துல தனியா இருக்காவ, சண்டே ஸ்கூல்ல மூணாங்கிளாஸ் எடுக்காவ..." ஆண்டவருக்கு இவ்வளவு அடையாளம் தேவைப்பட்டிருக்காது. எங்களுக்குத் தேவைப்பட்டது.

அதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. அந்த ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி.க்கும் மருத்துவம் உண்டு என்று யாரோ நினைவுபடுத்தினார்கள். "அவிய வீட்டுக்காரரு ரொம்ப வருசம் வடக்கயில்லா இருந்தாரு..." என்று இன்னொருவர் இழுத்தார். இழுத்தவர் முடிக்கவில்லை, முடித்தால் அது அவதூறு ஆகிவிடுமே. செத்து எட்டு வருஷமான மனிதர், கல்லறையில் கிடந்தபடி கெட்டுப்போனார்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. எங்கள் சபையில் எல்லாருக்கும் ஒரே பாத்திரம். டீச்சரம்மா வழக்கம்போல் வரிசையில் வந்தார். அவருக்குப் பின்னால் நின்றவருக்குத் திடீரென்று செருப்பு ஞாபகம் வந்து வெளியே போனார். இன்னொருவர் முன்னால் நுழைந்தார். ஒரு நிமிஷத்துக்குள் டீச்சரம்மாவுக்குப் பின்னால் ஆளே இல்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு காலாக மடக்கி அவர் முழங்காலிட்டதை எல்லாரும் பார்த்தோம். நெஞ்சு நோயின் பலவீனம் என்று வைத்துக்கொண்டோம்.

சகோதரன் தப்பு செய்தால் என்ன செய்ய வேண்டும் என்று மத்தேயு 18-இல் வரிசையாக வழி சொல்லியிருக்கிறது. முதலில் அவனிடம் தனியாகப் போய்ப் பேசு. கேட்காவிட்டால் இரண்டொருவரைக் கூட்டிக்கொண்டு போ. அதற்கும் கேட்காவிட்டால்தான் சபைக்குச் சொல். அண்ணாச்சி இதைக் கடைசியிலிருந்து தொடங்குவார். முதலில் சபை, அப்புறம் இரண்டு மூன்று பேர். சம்பந்தப்பட்ட ஆளிடம் தனியாகப் போவது மட்டும் எப்போதும் பாக்கி நிற்கும். டீச்சரம்மா விஷயத்தில் தப்பு என்றுகூட ஒன்றும் இல்லை. அண்ணாச்சி இருக்கும் சேலையூரிலிருந்து செம்பாக்கத்துக்கு ஷேர் ஆட்டோவில் பத்து நிமிஷம். நலமா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதனால்தான் கேட்கவில்லை என்பது என் கட்சி.

புனித அகஸ்டின் தம் சாப்பாட்டு மேசையிலேயே, இல்லாதவரைக் கடித்துத் தின்பவனுக்கு இங்கே இடமில்லை என்ற பொருளில் எழுதி வைத்திருந்தார். ஒருமுறை விருந்துக்கு வந்த சக ஆயர்கள் அதை மீறிப் பேசியபோது, எழுத்தை அழியுங்கள், இல்லையென்றால் நான் எழுந்து போகிறேன் என்றாராம். எங்கள் டீ கேனில் அப்படி எழுதி ஒட்டலாமா என்று யோசித்தேன். டீ மிஞ்சிப்போகும்.

விஷயம் வெளியே வந்தது என் அம்மாவின் மூட்டு வலியால். அதே சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, 2005 முதல். அதன் மருத்துவமனைக்கு அயோத்திதாசப் பண்டிதர் பெயர். அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். பெஞ்சில் டீச்சரம்மா, மடியில் அந்த ஃபைல். எக்ஸ்ரேயும் இருந்தது, முழங்காலுக்கு எடுத்தது. பையில் தைலக் குப்பி.

"அம்மாவுக்கும் மூட்டுதானா தம்பி? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே கூட்டிட்டு வந்திருப்பேனே" என்றார். அம்மாவுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்கினார். கொஞ்ச நேரம் கழித்து, என்னைப் பார்க்காமலே, "இப்பதான் எங்கிட்ட யாரும் பேசுறதில்லையே" என்றார். எனக்கு டோக்கன் நம்பரைப் பார்க்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது.

பிசாசு என்று நாம் படிக்கிற பல இடங்களில் கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல்லுக்கு அவதூறு சொல்பவன் என்று பொருள். கொம்பும் வாலும் பின்னால் ஓவியர்கள் ஒட்டியவை. டீ கேன் பக்கம் நின்ற எங்களில் எவருக்கும் கொம்பு கிடையாது.

அண்ணாச்சியிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். தலையைக் குனிவார் என்று எதிர்பார்த்தேன். கண்களை மூடினார், கைகளை உயர்த்தினார். "ஸ்தோத்திரம்! பாத்தீங்களா தம்பி ஜெபத்தோட வல்லமைய? நெஞ்சு நோய கர்த்தர் மூட்டு வலியா மாத்திட்டாரு!" அடுத்த வாரம் அதையே சாட்சியாகவும் சொன்னார். சபை கைதட்டியது.

டீச்சரம்மா இப்போது குரோம்பேட்டையில் வேறு ஒரு சபைக்குப் போகிறார். எங்கள் ஞாயிறு பள்ளியின் மூன்றாம் வகுப்புக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. அதற்காகப் பாரத்தோடு ஜெபிக்கும்படி போன வாரம் அண்ணாச்சி குறிப்புக் கொடுத்தார்.