பத்துப் பொருத்தத்தில் ஒன்றரை

பெறுநர்: விளையாட்டு அட்டைகளுக்குத் தரம் போட்டுக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்து அனுப்பும் மாமன்றத்தார், அமெரிக்கா.

மகாகனம் பொருந்திய சம்பந்தி அவர்களுக்கு,

உரிமையோடு சம்பந்தி என்று எழுதிவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். பொத்திப் பொத்தி வளர்த்ததைப் பொட்டலம் கட்டி உங்கள் வாசலுக்கு அனுப்பி, முகத்தைப் பாருங்கள், முதுகைத் திருப்பிப் பாருங்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள் என்று கைகட்டி நின்றவன் நான். உங்களை வேறென்ன முறை சொல்லிக் கூப்பிடுவது?

போன செவ்வாய்க்கிழமை உங்கள் முடிவு வீடு வந்து சேர்ந்தது. ஆடியில் அனுப்பினேன், பங்குனியில் திரும்பியிருக்கிறது. (ஆடியில் எதற்குடா நல்ல காரியம் என்று அம்மா அப்போதே சொன்னாள்.) நேரம் பார்த்து அன்றைக்குத்தான் அத்தையும் வந்திருந்தாள், பேத்தியின் ஜாதகக் கட்டோடு. என் மகன் பொட்டலத்தைப் பிரித்தான். பெட்டிக்குள் படுத்திருந்த சச்சினைத் தூக்கிப் பிடித்து, தலைமாட்டில் ஒட்டியிருந்த சீட்டைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசித்தான்: “ஃபேர். ஒன் பாயின்ட் ஃபைவ்.”

அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது. “ஃபேர்னா போட்டிருக்கான்? அப்புறம் என்னடா, நல்ல நிறம்னு அவனே ஒத்துக்கிட்டான். இடம் முடிஞ்ச மாதிரிதான்!”

ஞாயிற்றுக்கிழமை வரன் விளம்பரங்களை விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்கிற கண்கள் அவை. ஃபேர் என்ற சொல்லுக்காக எத்தனை பவுன் குறைத்துப் பேசலாம் என்பது அவளுக்கு அத்துப்படி. பத்துக்கு ஒன்றரை வாங்கினால்தான் உங்கள் ஊரில் ஃபேர் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்? ஒன்று வாங்கினால் புவர், இரண்டு வாங்கினால் குட். என் குழந்தை ஏழைக்கும் நல்லதுக்கும் நடுவில் நிற்கிறது. நடுத்தர வர்க்கம் என்று சொல்லிச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன்.

சச்சின் ஆண்பிள்ளை என்பது எனக்கும் தெரியும். அட்டை பெண். மார்க் போடுகிற இடத்துக்குப் போகிற எதுவும் பெண்தான்.

உங்கள் சாஸ்திரத்தின்மேல் எனக்கு அளவற்ற பக்தி. எங்களுக்குப் பொருத்தம் பத்து, உங்களுக்கும் பத்து. நாங்கள் தினம், கணம் என்று தொடங்கி வேதை வரைக்கும் பத்தையும் பார்த்துத்தான் பத்துக்கு இத்தனை என்போம். தாங்கள் மகா சமர்த்தர்கள். படம் நடுவில் நிற்கிறதா, மூலை கூராக இருக்கிறதா, விளிம்பு பிசிறடிக்கிறதா, மேல்பக்கம் வழவழவென்று இருக்கிறதா என்று நான்கே நான்கைப் பார்த்துவிட்டுப் பத்துக்கு மார்க் போட்டுவிடுகிறீர்கள். எங்கள் ஜோசியர் இதைக் கேள்விப்பட்டால் பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொள்வார்.

முதலில் நடு. பத்து வாங்க ஆசைப்படுகிற அட்டையில் இடது ஓரமும் வலது ஓரமும் 55-க்கு 45-ஐத் தாண்டி வித்தியாசப்படக் கூடாதாம். என் சச்சின் ஒரேயடியாக இடது பக்கம் ஒதுங்கி நிற்கிறார். பபுள்கம்மோடு கொடுக்கக் கம்பெனிக்கு அட்டை வெட்டிக்கொடுத்த மனிதர் அன்றைக்கு என்ன யோசனையில் இருந்தாரோ. பிறந்த நேரம் சரியில்லை என்றால் பிள்ளை என்ன செய்யும்?

அடுத்தது மூலை. அதில் குற்றம் முழுக்க என்னுடையது. நூறு அட்டையை ரப்பர் பேண்ட் போட்டு, காக்கி டிரவுசர் பையில் திணித்துக்கொண்டு ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போனேன். பிக் ஃபன் பபுள்கம் காலத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பபுள்கம்மைப் பாதி மென்று துப்பிவிட்டு அட்டையைத்தான் பார்ப்போம். எவன் கையில் எத்தனை ரன், எத்தனை விக்கெட் என்பதுதான் எட்டாம் வகுப்பு ‘ஆ’ பிரிவின் பொருளாதாரம். ஓர் அசாருதீனுக்கு இரண்டு கபில்தேவ் கேட்டவன் இன்று வங்கி மேலாளர்.

அப்புறம் அந்த மடிப்பு. குறுக்கே ஒரே ஒரு கோடு. எங்களுக்கு ரஜ்ஜு எப்படியோ உங்களுக்கு மடிப்பு அப்படி. அது தட்டிவிட்டால் மற்றது எல்லாம் கூடி வந்தாலும் பிரயோஜனமில்லை. கணக்கு வாத்தியார் வகுப்புக்குள் நுழைந்தபோது அவசரமாகக் கைக்குள் மடக்கியதில் விழுந்தது அது. ஒரு பையன் அடிக்குப் பயந்த தேதி அந்த அட்டையில் பதிவாகியிருக்கிறது. தாங்கள் பூதக்கண்ணாடியில் பார்த்ததும் அதைத்தான்.

கடைசியாக முதுகு. பெங்களூரில் இருக்கும் தரகர், அதாவது பல பேர் அட்டைகளைச் சேர்த்து மொத்தமாக உங்களுக்கு அனுப்பிவைக்கும் புண்ணியவான், போன் போட்டுத் தணிந்த குரலில் விளக்கினார். எல்லாத் தரகர்களுக்கும் அந்தக் குரல் எங்கிருந்துதான் வருகிறதோ. “சார், பின்னாடி ஏதோ அந்நியப் பொருள் ஒட்டியிருக்கு சார்.”

சம்பந்தி அவர்களே, அது அந்நியப் பொருள் அல்ல. பொன்னி அரிசி. நோட்டுப் புத்தகத்தில் அட்டையை ஒட்ட எங்களுக்குக் கிடைத்த பசை மத்தியானச் சாப்பாட்டில் மிச்சம் வைத்த நான்கு பருக்கை. உங்கள் பெண் பார்க்கும் படலத்தில் பஜ்ஜி சொஜ்ஜி கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கக் குழந்தை தன் முதுகிலேயே சோறு கட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டிருக்கலாம்.

செலவைப் பற்றி நான் வாயைத் திறக்கப் போவதில்லை. உங்கள் கட்டணம், தரகு, போக வரக் கூலி, காப்பீடு, என் அட்டையே என்னிடம் திரும்பி வருவதற்குச் சுங்கவரி, ஆக மொத்தம் 5,340 ரூபாய். வாயைத் திறந்துவிட்டேன், மன்னிக்கவும். இதில் உங்கள் தொழிலில் இருக்கும் ஒரு நேர்த்தியை மட்டும் பாராட்டியே ஆக வேண்டும். மார்க் அதிகம் விழுந்து அட்டையின் விலை ஏறிவிட்டால் கட்டணத்தையும் ஏற்றி வாங்கிக்கொள்கிறீர்களாமே! பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்தால் தரகுக் கூலியைக் கூட்டிக் கேட்கும் எங்கள் ஊர்த் தரகர்களுக்கு இனி உங்கள் படத்தை மாட்டிப் பூப்போடச் சொல்கிறேன். ஒன்றரை போட்டதால் எனக்கு அந்தச் செலவு மிச்சம்.

இந்த ஆசை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பீர்கள். 2022 ஆகஸ்டில் மிக்கி மேன்டில் என்ற பேஸ்பால் வீரரின் 1952-ஆம் வருஷத்து டாப்ஸ் அட்டை 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. விளையாட்டு அட்டை ஒன்றுக்கு அதுவரை யாரும் கொடுத்திராத விலை. அதன் தரம் ஒன்பதரை. வேடிக்கை என்னவென்றால், அதே 1952 அட்டைகள் விற்காமல் கிடங்கில் தேங்கிக் கிடந்ததால், 1960-இல் படகில் ஏற்றிக்கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக டாப்ஸ் கம்பெனியில் வேலை பார்த்த சை பெர்கரே பிற்பாடு சொன்னார். கடலில் போட வேண்டியதற்குக் கோடி டாலரா என்று மனைவி கேட்டாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கமில்லை. விடிந்ததும் பரணில் ஏறி, அட்டை வைத்திருந்த ஜாமெட்ரி பாக்ஸைத் தேடினேன்.

தூக்கம் வராத இன்னொரு ராத்திரியில்தான் உங்கள் குலப்பெருமையையும் படித்தேன். பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை. 1909-க்கும் 1911-க்கும் நடுவில் சிகரெட் பெட்டிக்குள் வைத்துக் கொடுத்தது. ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியும் இன்னொருவரும் கூட்டுச் சேர்ந்து 1991-இல் 4,51,000 டாலருக்கு வாங்கியது. உங்கள் தொழிலில் இன்று மூத்த வீட்டார் என்று பேர் எடுத்திருப்பவர்கள் அதற்கு வரிசை எண் ஒன்று கொடுத்து, தரம் எட்டு போட்டார்கள். பத்துக்கு எட்டு! 2007-இல் அது 28 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2013-இல் ஏலக்காரர் பில் மாஸ்ட்ரோ, அந்த அட்டையின் ஓரத்தை வெட்டிச் சீராக்கியது நான்தான் என்று ஒப்புக்கொண்டார்.

கத்தி வைத்து ஓரம் நறுக்கினால் எட்டு. எட்டாம் வகுப்புப் பையன் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டினால் ஒன்றரை. அது எட்டென்றால் இதற்கு ஒன்றரை போட நீங்கள் யார்? மூலை மழுங்காத அட்டை என்றால் என்ன அர்த்தம்? அதை வைத்து எந்தப் பிள்ளையும் விளையாடவில்லை என்று அர்த்தம். பையில் போடவில்லை, பந்தயம் கட்டவில்லை, வாத்தியாரிடம் மறைக்கவில்லை, தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்கவில்லை. தொடாததற்குப் பத்து, தொட்டதற்கு ஒன்றரை என்றால் நீங்கள் மார்க் போடுவது அட்டைக்கு அல்ல, அதை வைத்திருந்த பையனுக்கு. அந்தப் பையனுக்கு மார்க் போடும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

நான்தான் கொடுத்தேன். 5,340 ரூபாயும் சேர்த்துக் கொடுத்தேன்.

பெண் வீட்டுக்காரன் குரலை உயர்த்தக் கூடாது என்று அத்தை ஜாடை காட்டுகிறாள். பெரியவர்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

பரிகாரம் இருக்கிறது என்று தரகரும் தைரியம் சொல்கிறார். பெட்டியை உடைத்து, அட்டையை வெளியே எடுத்து, ஒன்றும் தெரியாத முகத்தோடு உங்களுக்கே மறுபடி அனுப்பினால் சில சமயம் அரையோ ஒன்றோ கூடி வருமாம். அட்டை அதே அட்டை, மடிப்பும் அதே மடிப்பு, பார்க்கிறவரின் அன்றைய மனநிலைதான் வேறு. காலையில் பார்த்த ஜோசியர் தோஷம் என்றால் சாயங்காலம் வேறொருவரிடம் ஜாதகக் கட்டை நீட்டும் பரம்பரைதான் நாங்களும். ஆனால் அந்தப் பெட்டியை உடைக்க மனம் வரவில்லை. எங்கள் தெருவில் யாராவது தவறிவிட்டால் மகன் வெளியூரிலிருந்து வரும்வரை கண்ணாடிப் பெட்டியில் வைத்திருப்போம். இந்தப் பெட்டியும் அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. இனி யாரும் தொட முடியாது, வளைக்க முடியாது, முகர்ந்து பார்க்க முடியாது. அந்த அட்டையில் போன ஆடி வரைக்கும் லேசாக பபுள்கம் வாசனை இருந்தது.

போகட்டும். இந்தக் கடிதத்தின் உண்மையான நோக்கத்துக்கு வருகிறேன்.

எந்த அட்டைக்கு எந்தத் தரத்தில் எத்தனை போட்டிருக்கிறீர்கள் என்று ஜனத்தொகைக் கணக்கு மாதிரி ஒரு பதிவேடு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? நேற்று ராத்திரி அதில் என் அட்டையைத் தேடிப் பார்த்தேன். மொத்த எண்ணிக்கை ஒன்று. இதைவிட உயர்ந்த தரம் வாங்கியது: பூஜ்யம். இந்த அட்டையை உங்களுக்குக் காசு கட்டி அனுப்பிய ஒரே முட்டாள் நான்தான் என்றாள் மனைவி. எனக்கு அதில் வேறொன்று தெரிந்தது. உங்கள் கையெழுத்தோடும் முத்திரையோடும் சொல்கிறேன், உலகத்திலேயே ஆகச் சிறந்த அட்டை இன்றைய தேதியில் என்னுடையது. அத்தையிடம் இதைச் சொன்னதும், “நான்தான் அன்னைக்கே சொன்னேனே” என்றாள்.

சந்தோஷத்தில் திண்டுக்கல்லில் இருக்கும் பழைய பெஞ்சுத் தோழனுக்குப் போன் போட்டேன். தப்பு பண்ணிவிட்டேன். அதே அட்டை அவனிடமும் இருக்கிறதாம். எட்டாம் வகுப்பிலேயே ரென் அண்ட் மார்ட்டின் இலக்கணப் புத்தகத்துக்குள் வைத்தானாம். அந்தப் புத்தகத்தை அவன் அதற்குப் பிறகு ஒரு நாளும் திறக்கவில்லை. முப்பது வருஷம் கழித்துத் திறந்து பார்த்தால் மூலை நான்கும் ஊசி மாதிரி நிற்கிறதாம், மடிப்பு இல்லை, சோறு இல்லை. இலக்கணம் படிக்காதவனுக்கு இப்படி ஒரு யோகம். தரகரின் நம்பரைக் கேட்டான். பழகிய தோஷத்துக்குக் கொடுத்துத் தொலைத்துவிட்டேன்.

ஆகையால் சம்பந்தி அவர்களே, திண்டுக்கல்லிலிருந்து ஒரு வரன் உங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறது. நன்றாகப் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், பூதக்கண்ணாடியை இரண்டாக வைத்துப் பாருங்கள். படம் இடது பக்கம் ஒதுங்கியிருக்கும், அதை மறந்துவிடாதீர்கள். ஒன்றுக்கு மேல் போட்டுவிடாதீர்கள். உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
உலகின் முதல்தர அட்டைக்கு உரிமையாளன்,
தரம் ஒன்றரை.